412 கிலோ போய் 389 கிலோ வந்தது

என் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. ஏதோ ஒரு கல்யாணத்தில் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுத்த பை. இப்போது அதற்குள் இருப்பவை காகிதங்கள்: சாயப்பட்டறைக்குப் போன டி.சி. (டெலிவரி சலான்) நகல்கள், சனிக்கிழமைச் சம்பளப் பட்டியலில் ஒரு பக்கம், பாதி நூலைத் திருப்பி அனுப்பிய பர்ச்சேஸ் பில், சரக்கு குறைந்ததற்காக வந்த டெபிட் நோட். பார்ட்டி பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டேன். இதில் உள்ள ஒவ்வொரு காகிதமும் யாரோ ஒரு கணக்குக்காரரை ராத்திரி பத்து மணி வரை உட்கார வைத்தது.

கம்பெனிகளுக்கு ரெடிமேட் சாஃப்ட்வேர் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் தொழில். திருப்பூர், கோவை, ஈரோடு வட்டாரத்தில் பனியன் கம்பெனிகள், நூல் வியாபாரிகள், சின்ன மில்கள் கூப்பிடுவார்கள். நான் எதையும் விற்பதில்லை. விற்கிறவர்களிடம் கமிஷன் வாங்குவதும் இல்லை. வாங்குகிறவர் பக்கம் உட்கார்ந்து, எது அவருக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று சோதித்துச் சொல்வதற்குக் கூலி வாங்குகிறேன். அந்தப் பை இல்லாமல் எந்த டெமோவுக்கும் போவதில்லை. அதற்குள் முதலில் போன காகிதத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1999இல் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே ஸ்டாக் பார்க்க ஃபாக்ஸ்புரோவில் எழுதிய ஒரு புரோகிராம் இருந்தது. எழுதியவர் ஒரு கல்லூரி ஆசிரியர். சாயங்காலம் வந்து திருத்திக் கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போனதும் புரோகிராமைத் தொட ஆள் இல்லை. 2004இல் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “இனி ஒருத்தரை நம்பி எழுத வெக்க வேண்டாங்க. எல்லாருக்கும் விக்கிற மாதிரி ரெடியா இருக்கறதுல நல்லதாப் பாத்து வாங்குங்க” என்றார்.

நான் சிரத்தையாகத்தான் செய்தேன். 120 கேள்விகள் எழுதி, ஐந்து விற்பனையாளர்களுக்கு அனுப்பினேன். பல கரன்சி உண்டா? உண்டு. பார்கோடு உண்டா? உண்டு. ஜாப் ஒர்க் உண்டா? உண்டு. அதிக டிக் வாங்கியது 120க்கு 111. டெமோவும் நன்றாக இருந்தது. வந்தவர் பெரிய திரையில் ‘ஏபிசி டிரேடர்ஸ்’ என்று ஒரு பார்ட்டியைப் போட்டு, 100 கிலோ நூல் வாங்கினார், 100 கிலோ துணி ஆனது, சாயத்துக்கு அனுப்பினார், 100 கிலோ திரும்பி வந்தது. நாங்கள் தலையாட்டினோம். அந்த வாரமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நிட்டிங்கில் இருந்து வருகிற கிரே துணியைச் சாயத்துக்கு அனுப்பினால் அதே எடை திரும்பி வராது. பருத்தியில் இருக்கிற மெழுகும் அழுக்கும் வெளுப்பில் போய்விடும். வெள்ளைக்கு ஒரு கழிவு, அடர் நிறத்துக்கு ஒரு கழிவு. புது சாஃப்ட்வேரில் நாங்கள் போட்ட முதல் டி.சி.யில் 412 கிலோ போனது. 389 கிலோ வந்தது. 23 கிலோ குறைவு, அதாவது ஐந்தரை சதவீதத்துக்குச் சற்று மேல். எங்களுக்கு அது சாதாரணம். சாஃப்ட்வேருக்கு அந்த 23 கிலோ இன்னும் சாயப்பட்டறையில் இருந்தது. டி.சி. மூடவே இல்லை.

விற்பனையாளரைக் கேட்டோம். “அந்த 23 கிலோவை வேஸ்ட் என்று ரிசீட் போட்டு மூடிவிடுங்கள்” என்றார். ஸ்டோரில் இருந்த அக்கா அப்படியே போட்டார். நாளுக்கு நாலைந்து டி.சி. ஆறு மாதம் கழித்து ஸ்டாக் எடுத்தபோது கம்ப்யூட்டரில் 9 டன் வேஸ்ட் துணி இருந்தது. குடோனில் இருந்தது ஒரு மூட்டை.

கழிவோடு பிரச்சினை முடியவில்லை. திருப்பூரில் ஒரு லாட் துணி சாயப்பட்டறையில் இருந்து கம்பெனிக்குத் திரும்பி வந்து, இறங்கி, மறுபடி ஏறி, அடுத்த வேலையான காம்பாக்டிங்குக்குப் போகாது. வண்டி வாடகை யார் கொடுப்பது? சாயப்பட்டறையில் இருந்து நேராகக் காம்பாக்டிங், அங்கிருந்து கட்டிங் என்றுதான் போகும். சாஃப்ட்வேரோ ஒவ்வொரு முறையும் சரக்கு எங்கள் கேட்டுக்குள் வந்து போக வேண்டும் என்று நினைத்தது. வராத சரக்கை வந்ததாகவும் போகாத சரக்கைப் போனதாகவும் என்ட்ரி போட்டுப் போட்டு, எங்கே எத்தனை கிலோ இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் கேட்பதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் ஒரு லாட் எங்கே என்று தெரியாமல் ஸ்டோருக்கு ஓடினேன். அந்த அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து நீளமான ஒரு நோட்டை எடுத்தார். லாட் நம்பர், நிறம், போன எடை, வந்த எடை, எந்தப் பட்டறை, அங்கிருந்து எங்கே, ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்த ஒரு துண்டுத் துணி. “இதுல இருக்குங்க சார். கம்ப்யூட்டர்ல போடறது உங்களுக்கு; இது எனக்கு” என்றார்.

நான் 120 கேள்வி எழுதியபோது அந்த நோட்டை ஒருமுறை பிரித்துப் பார்க்கவில்லை. அவரை டெமோவுக்குக் கூப்பிடவும் இல்லை. கம்பெனிக்கு என்ன வேண்டும் என்பது முழுவதும் அந்த இழுப்பறைக்குள் எழுதித்தான் இருந்தது. ‘ஜாப் ஒர்க் உண்டா’ என்று கேட்டால் உண்டு என்றுதான் பதில் வரும். ‘412 போய் 389 வந்து, வந்ததும் எங்களிடம் வராமல் வேறிடத்துக்கு நேராகப் போனால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டிருக்க வேண்டும். அந்த டி.சி.யின் நகல்தான் மஞ்சள் பையின் முதல் காகிதம்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்குக்கு ஐ.டி.சி.-04 என்று ஒரு படிவம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் இழப்பும் கழிவும் காட்டத் தனிக் கட்டம் இருக்கிறது. ஒருவரிடம் அனுப்பி வேறொருவரிடம் இருந்து திரும்பி வந்த சரக்கைக் காட்டத் தனி அட்டவணையும் இருக்கிறது. அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாகக் கணக்காகிவிடும். மூடாத டி.சி. அதுவரை ஸ்டோரின் தலைவலியாக இருந்தது. 2017க்குப் பிறகு வரிப் பிரச்சினையும் ஆகிவிட்டது. பழைய டி.சி.யை அதற்குப் பிறகு இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு கம்பெனி கூப்பிட்டால் முதல் வாரம் சாஃப்ட்வேர் பெயரே எடுப்பதில்லை. ஸ்டோர், கேட், கட்டிங், பேக்கிங், கணக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து நோட்டுகளைக் கேட்பேன். முதலில் தயங்குவார்கள். முதலாளிக்குத் தெரியாமல் வைத்திருக்கிற நோட்டாயிற்றே. குற்றம் கண்டுபிடிக்க வரவில்லை என்று புரிந்தால் எடுத்துத் தருவார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “போன வருசத்துல உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்தின பில் எதுங்க?” யாரும் யோசிக்க மாட்டார்கள். உடனே எடுத்து வருவார்கள். அப்படி வந்தவைதான் பையில் இருக்கும் மற்ற காகிதங்கள்.

சம்பளப் பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பனியன் கம்பெனியில் சம்பளம் வாராவாரம். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். மேலே நான்கு மணி நேரம் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் தனி. வாரத்தின் நடுவில் வாங்கிய அட்வான்ஸ் சனிக்கிழமை பிடிக்க வேண்டும். பி.எஃப். கணக்கோ மாதத்துக்கு. மாதம் புதன்கிழமை முடிந்தால் அந்த ஒரு வாரச் சம்பளத்தை இரண்டு மாதத்துக்குப் பிரிக்க வேண்டும். வெளியூர் அலுவலகங்களை நினைத்து எழுதிய சம்பள சாஃப்ட்வேர் பலவும் இந்த ஒரு பக்கத்தில் நின்றுவிடும். இன்னொரு சின்ன விஷயத்திலும் நிற்கும்: ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தைக் காலியாக விடவே விடாது. நம் ஊரில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? இனிஷியலை அதில் போட்டால் சம்பளச் சீட்டில் பெயர் தலைகீழாக வரும், ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாது, பி.எஃப். பணம் எடுக்கப் போகும் தொழிலாளி அலைவார். ஒரு கட்டத்தை இப்படி வைத்தால் நாளைக்கு எந்த அம்மா எந்த ஆபீஸ் வாசலில் நிற்பார் என்று யோசித்துப் பார்க்க வேண்டியது தேர்ந்தெடுக்கிறவரின் வேலை.

டெமோ நாளில் பை திறக்கும். விற்பனையாளருக்கு முன்பே தகவல் சொல்லிவிடுவேன்: உங்கள் டேட்டா வேண்டாம், எங்கள் காகிதம் பத்துப் பன்னிரண்டு தருவோம், எங்கள் ஆள் கீபோர்டில் உட்காருவார், நீங்கள் வாயால் மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவர்கள் உண்டு. அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. பட்டியலில் இருந்து எடுத்துவிடுகிறேன். சம்மதித்து வந்தவர் எந்த இடத்தில் பொறுக்க முடியாமல் மௌஸைத் தன் கையில் வாங்குகிறார் என்று பார்ப்பேன். எந்தக் காகிதத்தில் “இதை வேற மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்கிறார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்வேன். அந்தக் குறிப்புதான் என் அறிக்கையின் முக்கால்வாசி.

பதில்கள் மூன்று வகை. ‘இருக்கிறது’ என்றால் அங்கேயே செய்து காட்ட வேண்டும். ‘செட்டிங்கில் மாற்றலாம்’ என்றால் அதையும் அங்கேயே மாற்றிக் காட்ட வேண்டும். ‘செய்து தருகிறோம்’ என்பது மூன்றாவது. இது வந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். ஏனென்றால் ரெடிமேட் சாஃப்ட்வேரின் லாபமே, நூறு பேருக்கு ஒரே பொருள் என்பதால் வருகிற திருத்தமும் புது வெர்ஷனும் நமக்கும் வரும் என்பதுதான். நமக்கென்று அறுத்துத் தைத்துவிட்டால் அந்த வரிசையில் இருந்து நாம் விலகிவிடுகிறோம்.

2017 ஜூலை 1ஆம் தேதியை மறக்க முடியாது. அன்று ஜி.எஸ்.டி. வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வியாபார நிறுவனம் பல வருடங்களாக ஒரு பேக்கேஜில் நாற்பதுக்கு மேல் மாற்றங்கள் செய்து வைத்திருந்தது. ஒவ்வொன்றும் கேட்டபோது நியாயமாகத்தான் இருந்திருக்கும். ஜூன் மாதம் விற்பனையாளர் சொன்னார்: ஜி.எஸ்.டி. வெர்ஷன் மூலப் பேக்கேஜுக்குத்தான் வருகிறது. உங்கள் மாற்றங்களை அதில் மறுபடி எழுத வேண்டும். அதற்குத் தனி விலை, மூன்று மாதம் ஆகும். ஜூலை முழுவதும் அவர்கள் அச்சடித்த பில் புத்தகத்தில் கையால் எழுதினார்கள். ஆகஸ்டில் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அந்தக் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண் அந்த வருடம் ஆடி பதினெட்டுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை.

அப்படியானால் கம்பெனி தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா, சாஃப்ட்வேரை மாற்ற வேண்டுமா என்று எல்லா முதலாளிகளும் கேட்கிறார்கள். என் தீர்ப்பு இது: ஊருக்கெல்லாம் ஒன்றாக இருக்கிற வேலையில் சாஃப்ட்வேர் சொல்கிறபடி மாறிக்கொள்ளுங்கள். லெட்ஜர், பேங்க் ரீகன்சிலேஷன், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாம் பக்கத்து கம்பெனியிலும் இதேதான். உங்களுக்கு ஆர்டர் வாங்கித் தருகிற, காசு மிச்சப்படுத்துகிற வேலையில் வளைந்து கொடுக்காதீர்கள். சாயக் கழிவை நிறவாரியாகப் பார்த்துப் பட்டறையிடம் பேரம் பேசுகிற கம்பெனிக்கு அந்தக் கணக்குதான் லாபம். அதைச் சாஃப்ட்வேருக்காக விட்டால் லாபத்தையே விடுகிறார்கள்.

கணக்கு எல்லோருக்கும் ஒன்று என்பதால்தான் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இந்த ஊரில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்று நினைக்கிறேன். 1986இல் பெங்களூரில் பீயூட்ரானிக்ஸ் என்ற பெயரில் அதைச் செய்த நிறுவனம் தொடங்கியது. ஷியாம் சுந்தர் கோயங்காவின் சொந்த வியாபாரக் கணக்குக்காக அவர் மகன் பரத் கோயங்கா எழுதியது டேலி. கணக்குகளுக்கு நம்பர் கொடுத்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டு, பார்ட்டி பெயரை அப்படியே அடித்தால் போதும் என்று செய்தார்கள். நோட்டில் எழுதிப் பழகிய கணக்குப்பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தானே உபயோகிக்கிற ஒருவருக்காகச் செய்த பொருளில் அந்த அக்கறை தெரியும். நான் இன்றும் கணக்குக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கி, நடுவில் ஒரு பாலம் போடத்தான் பல இடங்களில் சொல்கிறேன். எல்லாமும் ஒரே பேக்கேஜில் வேண்டும் என்ற ஆசை நிறையப் பேரைக் கடனில் தள்ளியிருக்கிறது.

மதிப்பெண் பட்டியல் போடுவது பற்றிக் கேட்பார்கள். போடுகிறேன். மென்பொருளின் தரத்தை எந்தெந்தக் கோணத்தில் பார்க்கலாம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 25010 என்று ஓர் உலகத் தரம் 2011இல் வந்தது. வேலைக்குப் பொருத்தம், வேகம், மற்றதோடு ஒத்துப்போவது, பழக எளிமை, நம்பகம், பாதுகாப்பு, பராமரிப்பு, இடம் மாற்றும் வசதி என்று அந்த 2011 பதிப்பில் எட்டுத் தலைப்பு. எதையாவது கேட்க மறந்துவிட்டோமா என்று பார்க்க அது நல்ல துணை. ஆனால் மொத்த மதிப்பெண்ணை வைத்து முடிவு எடுக்காதீர்கள் என்று எல்லா இடத்திலும் மன்றாடுகிறேன். 82 வாங்கியது, 74 வாங்கியதைவிட நல்லது என்று கூட்டல் சொல்லும். 82 வாங்கியதில் சாயக் கழிவுக்குப் பூஜ்யம். அதை அழகான திரையும் மொபைல் ஆப்பும் ஈடுகட்டிவிட்டன. கழிவுக் கணக்கு இல்லாததை எந்த மொபைல் ஆப் ஈடுகட்டும்? அதனால் முதலில் சல்லடை. இது இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஐந்தாறு விஷயங்களை வைத்து, அதில் நிற்காததை மதிப்பெண்ணுக்கே கொண்டு வருவதில்லை.

ஒருமுறை தாமஸ் சாத்தி என்ற கணித அறிஞர் வகுத்த முறைப்படி, தேவைகளை இரண்டிரண்டாக எடுத்து ‘இதுவா அதுவா முக்கியம்’ என்று புரொடக்ஷன் மேனேஜரையும் முதலாளியின் மகனையும் தனித்தனியாகக் கேட்டேன். மகன் ரிப்போர்ட் முக்கியம் என்றார். மேனேஜர் என்ட்ரி வேகம் முக்கியம் என்றார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் இருவரும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். “என்ட்ரியே போடாம ரிப்போர்ட் எங்கிருந்துங்க தம்பி வரும்?” என்றார் மேனேஜர். கடைசியில் வந்த எண் எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பேச்சு அந்த கம்பெனிக்கு அதுவரை நடக்காத ஒன்று.

‘இருநூறு கம்பெனியில் ஓடுகிறது’ என்பது எல்லா விற்பனையாளரும் சொல்வது. பொய்யாக இருக்காது. ஆனால் அங்கே ஓடுவது இங்கே ஓடும் என்பதற்குச் சாட்சி ஆகாது. 1996 ஜூன் 4ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பி நாற்பது வினாடிக்குள் வெடித்துச் சிதறியது. திசையும் வேகமும் கணக்கிடும் மென்பொருளை ஏரியான் 4இல் இருந்து எடுத்து வைத்திருந்தார்கள். அங்கே அது குறையில்லாமல் ஓடியது. புது ராக்கெட் கிடைமட்டத்தில் இன்னும் வேகமாகப் போனதால், ஓர் எண் அதற்கு ஒதுக்கிய இடத்துக்குள் கொள்ளாமல் வழிந்தது. மென்பொருள் அதேதான், ராக்கெட்தான் வேறு. எட்டு மெஷின் வைத்த கம்பெனியில் ஓடியதை எண்பது மெஷினுக்குக் கொண்டு வரும்போது எனக்கு அந்தச் செய்தி ஞாபகம் வரும்.

அதனால் அந்த இருநூறில் நம்மைப் போன்ற இரண்டைப் பார்க்கப் போவேன். விற்பனையாளர் கூட வர வேண்டாம். முதலாளி அறையில் டீ குடித்துவிட்டு ஸ்டோருக்குப் போய்விடுவேன். மேசையில் நோட்டு இருக்கிறதா என்று கண் தேடும். “கடைசியா ஸ்டாக் எடுத்தப்ப எவ்வளவு வித்தியாசம் வந்துச்சுங்க?” என்று கேட்டால் உண்மை வந்துவிடும். முடிந்தால் அந்தப் பேக்கேஜை வாங்கி விட்டுவிட்ட ஒரு கம்பெனியையும் தேடிப் பிடிப்பேன். அவர்கள் அரைமணி நேரம் பேசுவது எந்த டெமோவையும்விடப் பெரிது.

விலையில் எல்லோரும் லைசென்ஸ் தொகையைப் பற்றியே பேரம் பேசுகிறார்கள். ஏ.எம்.சி. என்கிற பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு 18 சதவீதம் என்றால் ஐந்தரை வருடத்தில் இன்னொரு முழு விலை போய்விடும். சட்டம் மாறும்போது வருகிற திருத்தம் அந்த ஏ.எம்.சி.யில் சேர்த்தியா, தனியா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வரை வந்துவிட்டது. அதே 2023 ஏப்ரலில் இருந்து, கம்பெனிச் சட்டத்தில் பதிவு செய்தவர்கள் உபயோகிக்கும் கணக்கு சாஃப்ட்வேரில் யார் எதை எப்போது மாற்றினார் என்ற தடம் அழிக்க முடியாமல் பதிய வேண்டும் என்றானது. ‘சட்டத் திருத்தம் இலவசம்’ என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். இன்னொரு செலவை யாரும் எழுதுவதே இல்லை: பெயர்களைச் சுத்தம் செய்வது. ஒரே நூல் நான்கு பெயரில் இருக்கும். அதை ஒன்றாக்காமல் புது சாஃப்ட்வேரில் ஏற்றினால் பழைய குழப்பம் புது வீட்டுக்குக் குடிவருகிறது.

வெளியே வருகிற வழியை உள்ளே போகும்போதே பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு தமிழ் எழுத்துரு. தொழிலாளர் பெயர், ஊர், வேலை எல்லாம் தமிழில் வரவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு முதலாளி, தமிழில் சம்பளச் சீட்டு அடிக்கிற பேக்கேஜ் ஒன்றை வாங்கியிருந்தார். நல்ல ஆசை. சீட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள் அந்தத் தொழிலாளர்கள். ஆனால் அந்தப் பேக்கேஜ் யூனிகோடில் சேமிக்கவில்லை. தனக்கென்று ஓர் எழுத்துருவில் சேமித்தது. விற்றவர் தொழிலை விட்டுப் போனார். டேட்டாவை எக்செலில் எடுத்தபோது ஆயிரத்துச் சொச்சம் பெயர்களும் ரோமன் எழுத்தும் குறியுமாகக் குப்பையாக வந்தன. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்திலேயே யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமாகத் தமிழக அரசு அறிவித்துவிட்டது. இந்தப் பேக்கேஜ் வாங்கியது அதற்குப் பிறகு. இரண்டு பெண்கள் மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் மறுபடி அடித்தார்கள். இப்போதெல்லாம் டெமோ முடிவில் நான் கேட்கும் கடைசி உதவி: காலையில் இருந்து நாங்கள் போட்டதையெல்லாம் இந்த பென்டிரைவில் எக்செலாகப் போட்டுக் கொடுங்கள். கொடுக்க முடியாதவரிடம் வாங்குவதில்லை.

2019இல் ஒரு நடுத்தர பனியன் கம்பெனிக்குத் தேர்ந்தெடுத்தோம். மூன்று பேர் சல்லடையில் தேறினார்கள். ஒருவர் எதற்கும் ‘இருக்கு’ என்றார். ஒருவர் எதற்கும் ‘செய்து தருகிறோம்’ என்றார். மூன்றாவதாக வந்த இளைஞர் பதினோரு காகிதத்தில் மூன்றை எடுத்துத் தனியாக வைத்து, “இந்த மூணும் எங்ககிட்ட வராதுங்க சார். சொல்லிடறேன். வேற வழி பண்ணணும்” என்றார். ஸ்டோரில் இருந்த அம்மா மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மீதி எட்டையும் தானாகப் போட்டுவிட்டார். அதில் 412 கிலோ டி.சி.யும் இருந்தது: கழிவு 23 கிலோ எனத் தனியாக விழுந்தது, டி.சி. மூடியது, லாட் நேராகக் காம்பாக்டிங் பேருக்கு மாறியது. முதலாளி பெரிய பெயருள்ள கம்பெனியை வாங்கத்தான் நினைத்திருந்தார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, “உனக்கு எது சரியாப் படுதும்மா?” என்றார். “மூணாவது தம்பி கொண்டு வந்ததுங்க. வராததை வராதுன்னு சொல்லிட்டாருங்க” என்றார் அவர். அதையே வாங்கினார்கள்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். அந்தச் சாஃப்ட்வேர்தான் இன்றும் ஓடுகிறது. அம்மாவின் இழுப்பறையில் நோட்டும் இருக்கிறது. எடைக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. நிறத் துண்டுகளை மட்டும் இன்னும் ஸ்டேப்ளர் அடித்து ஒட்டுகிறார். பக்கத்தில் ‘இந்தப் பட்டறையில் நீலம் இரண்டாம் முறை வெளிறியது’ என்ற மாதிரிக் குறிப்புகள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நிறத்தைத் துணியில் பார்க்க வேண்டும்.

உங்கள் கம்பெனியில் யாராவது சாஃப்ட்வேர் வாங்கப் போவதாகப் பேச்சு வந்தால், டெமோவுக்குத் தேதி கொடுக்கும் முன்பு ஒரு நாள் ஸ்டோருக்கும் கேட்டுக்கும் போங்கள். இழுப்பறையில் இருக்கும் நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதை எழுதியவரை டெமோவில் கீபோர்டுக்கு முன்னால் உட்கார வையுங்கள்.